பரிசுப் பட்டியல் நாவல்களைக் கூடி வாசித்தல்: புதியவர்களுக்கு ஓர் அறிமுகம்

ஆண்டுதோறும், ஆங்கில நாவலுக்கு வழங்கப்படும் புக்கர் பரிசின் பட்டியல் வெளியானதும் வாசகர்களிடையே இரண்டு விதமான பேச்சு எழுகிறது. ‘இந்த ஆண்டு உலகில் எழுதப்பட்ட மிகச் சிறந்த நாவல்கள் இவைதாம்’ என்று ஒரு சாரார் ஏற்றுக்கொள்கிறார்கள். ‘பரிசுக்குப் போன நாவலா, அப்படியென்றால் கதை நகராது, ஒன்றும் புரியாது’ என்று மற்றொரு சாரார் ஒதுக்கிவிடுகிறார்கள். வாசிப்புக் குழு ஒன்று அந்தப் பட்டியலிலிருந்து ஒரு நூலைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டு எண்ணங்களும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. முதல் எண்ணம் உடையவர் நூல் பிடிக்காமல் போனால் குறை தம்மிடம்தான் இருக்கும் என்று கருதிக் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. இரண்டாம் எண்ணம் உடையவர் நாற்பதாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டு வருகிறார். இருவருக்குமே இழப்புதான். பரிசு எவ்வாறு முடிவாகிறது, இலக்கியப் புனைவு வாசகரிடம் எத்தகைய உழைப்பைக் கேட்கிறது, அந்த உழைப்பைக் குழு எப்படிப் பகிர்ந்துகொள்கிறது என்ற மூன்றும் தெளிவானால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

பரிசு என்பது மதிப்பெண் பட்டியல் அன்று

மார்கழி மாதத்தில் ஊருக்குள் நடக்கும் கோலப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் கொடுத்தவர்களின் வாசல்கள் மட்டுமே போட்டியில் சேரும். பெயர் கொடுக்காத வீட்டின் கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நடுவர்களின் கணக்கில் வராது. நடுவர்கள் முதலில் எல்லா வாசல்களையும் ஒரு சுற்றுப் பார்த்து வருகிறார்கள். நினைவில் நின்ற சில கோலங்களை மறுபடியும் போய்ப் பார்க்கிறார்கள். கடைசியில் எஞ்சிய சிலவற்றின் முன் நின்று, புள்ளி பிசகாமல் இழுத்த சிக்குக் கோலம் உயர்ந்ததா, புதிய வடிவம் கண்ட கோலம் உயர்ந்ததா என்று தங்களுக்குள் வாதிடுகிறார்கள். நடுவர்கள் வேறாக இருந்தால் முதற்பரிசும் வேறு வாசலுக்குப் போயிருக்கக்கூடும். அதற்காகத் தேர்வைக் குருட்டுப்போக்கு என்று சொல்லிவிட முடியாது. மூன்று முறை பார்த்தும் சலிக்காத கோலத்தில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்யும். இலக்கியப் பரிசும் ஏறக்குறைய இந்த முறையில்தான் முடிவாகிறது.

புக்கர் பரிசு தேர்வாகும் விதம்

1969இல் தொடங்கிய புக்கர் பரிசு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டு பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியான நாவலுக்கு வழங்கப்படுகிறது. எழுத்தாளர் தாமாக நூலை அனுப்ப முடியாது, பதிப்பகம்தான் அனுப்ப வேண்டும். ஒரு பதிப்பகம் எத்தனை நூல்களை அனுப்பலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அண்மை ஆண்டுகளில் அப்பதிப்பகத்தின் நூல்கள் எத்தனை முறை பட்டியலில் இடம்பெற்றன என்பதைப் பொறுத்து அந்த வரம்பு கூடும் அல்லது குறையும். தேவையென்று கருதும் வேறு நூல்களை நடுவர்கள் கேட்டு வரவழைக்கவும் இடமுண்டு. இப்படிச் சேரும் ஏறத்தாழ 150 நூல்களை நடுவர் குழுவின் ஐந்து பேரும் வாசிக்கிறார்கள். நாவலாசிரியர்கள், விமர்சகர்கள், பேராசிரியர்கள் ஆகியோருடன் பிற துறையினரும் இக்குழுவில் இடம்பெறுவது வழக்கம். 2025ஆம் ஆண்டுக் குழுவுக்கு 1993இல் இதே பரிசைப் பெற்ற ராடி டாயில் தலைமை தாங்கினார், நடிகை சாரா ஜெசிக்கா பார்க்கர் உறுப்பினர்களுள் ஒருவராக இருந்தார்.

முதற்சுற்று வாசிப்புக்குப் பிறகு நடுவர்கள் அறிவிக்கும் 12 அல்லது 13 நூல்களின் தொகுதியை நெடும்பட்டியல் என்கிறோம். அந்த நூல்களை அவர்கள் இரண்டாம் முறை வாசித்து, விவாதித்து, ஆறாகக் குறைப்பது குறும்பட்டியல். அந்த ஆறையும் மூன்றாம் முறை வாசித்த பின்னரே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பரிசு பெறுபவருக்கு 50,000 பவுண்டும், குறும்பட்டியலில் இடம்பெற்ற ஒவ்வொருவருக்கும் 2,500 பவுண்டும் கிடைக்கின்றன.

புதிதாக வாசிக்க வருபவர் இதில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது, மூன்று முறை வாசிப்பு என்ற விவரத்தைத்தான். ஒரே மூச்சில் படித்து முடிக்கும்போது நம்மைக் கட்டிப்போடுகிற நாவல், முடிவு தெரிந்த பிறகு படிக்கையில் வெறும் நிகழ்ச்சி வரிசையாகச் சுருங்கிவிடலாம். முதல் வாசிப்பில் சோர்வு தந்த நாவல், இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு பத்தியும் பின்னால் வரப்போகும் ஒன்றுக்கு அடித்தளமாக இருப்பதைக் காட்டலாம். எனவே குறும்பட்டியல் நாவல்களில் பெரும்பாலானவை மறுவாசிப்பைத் தாங்கும் தன்மைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்று கொள்வது பொருந்தும். நாம் ஒரு முறை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முற்படும்போது, நடுவர்கள் கண்ட நூலும் நாம் கண்ட நூலும் வேறுவேறாகிவிடுகின்றன.

விதிகள் முடிவைப் பாதிக்கின்றன என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2013 வரை காமன்வெல்த் நாடுகள், அயர்லாந்து, ஜிம்பாப்வே ஆகியவற்றின் குடிமக்களே இப்பரிசுக்குத் தகுதி பெற்றிருந்தார்கள். அதுவரையிலான பட்டியல்களில் அமெரிக்கக் குடியுரிமை மட்டும் உடைய நாவலாசிரியர்களைக் காண முடியாததற்கு அந்த விதியே காரணம். 2014இல் விதி மாறியது, 2016இல் பால் பீட்டி இப்பரிசை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார். பட்டியலைத் தயாரிப்பவர்களின் பார்வையும் அதே அளவுக்குப் பாதிக்கும். 1991ஆம் ஆண்டின் குறும்பட்டியலில் ஒரு பெண்கூட இல்லாததால் எழுந்த அதிருப்தியிலிருந்தே, பெண்கள் எழுதும் நாவல்களுக்கான தனிப் பரிசு 1996இல் பிரிட்டனில் தொடங்கியது. ஒருவருக்கு மட்டுமே பரிசு தர வேண்டும் என்று விதி இருந்தும் 2019இல் நடுவர்கள் அதை மீறி மார்கரெட் அட்வுட், பெர்னார்டின் எவரிஸ்டோ இருவருக்கும் பகிர்ந்தளித்தார்கள். நெடுநேரம் பேசியும் ஐவரால் ஒரு நூலில் வந்து நிற்க முடியாமல் போவது, எனக்கு அந்தப் பரிசின் மீதான மதிப்பைக் கூட்டவே செய்கிறது. அவர்கள் உண்மையாகவே வாசித்து வாதிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

இதுவரை கூறியதைச் சுருக்கினால்: பதிப்பகங்கள் அனுப்பிய நூல்களை, ஒரு குறிப்பிட்ட ஆண்டின் ஐந்து வாசகர்கள், குறிப்பிட்ட விதிகளுக்குள், திரும்பத் திரும்ப வாசித்து எட்டிய உடன்பாடே பட்டியல் எனப்படுகிறது. அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அது உங்கள் ரசனைக்கு விதிக்கப்பட்ட கட்டளை ஆகாது.

இலக்கியப் புனைவு எதை நம்மிடம் விட்டுவைக்கிறது

இலக்கியப் புனைவு என்ற சொல்லுக்குக் கறாரான எல்லைக்கோடு கிடையாது. என்ன நடந்தது என்பதோடு அது எப்படிச் சொல்லப்படுகிறது என்பதும் சம அளவில் பொருள் தருகிற கதை எழுத்து என்று இங்கே வைத்துக்கொள்வோம். துப்பறியும் கதையோ பேய்க் கதையோ இதற்குள் வரக்கூடாது என்பதில்லை. இலங்கை எழுத்தாளர் செஹான் கருணாதிலக்கவுக்கு 2022ஆம் ஆண்டின் புக்கர் பரிசைப் பெற்றுத் தந்த நாவல், கொலையுண்ட ஒளிப்படக் கலைஞன் ஒருவன் மரணத்துக்குப் பின் தன்னைக் கொன்றது யார் என்று தேடுகிற கதை. அதில் ஆவிகள் உண்டு, கேலிப் பேச்சு உண்டு, ஏழு நிலவுகளுக்குள், அதாவது ஏழு இரவுகளுக்குள், விடை காண வேண்டும் என்ற கெடுவும் உண்டு. பரிசு நாவல்களில் கதை நகராது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு நூலே போதிய பதில். அதே சமயம், அந்த நாவல் முழுவதும் நாயகனை ‘நீ’ என்று விளித்தே சொல்லப்படுகிறது. இறந்தவனை ‘நீ’ என்று அழைப்பது யார் என்ற கேள்வி, கொலையாளி யார் என்ற கேள்விக்கு இணையாக வாசகர் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இவ்வாறு நாவலுக்குள்ளிருந்து கதையைச் சொல்லும் குரலைக் கதைசொல்லி என்கிறோம். கதைசொல்லியும் நூலாசிரியரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்வதுதான் வாசிப்புக் குழுக்களில் அடிக்கடி நேரும் பிழை. கதைசொல்லி ஒரு பாத்திரத்தை இழிவாகப் பேசினால், ஆசிரியரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்தக் குரலை நம்பலாமா, அது எதை மறைக்கிறது, எதை அறியாமல் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால் நூலின் பாதிக் கதவுகள் திறந்துகொள்ளும்.

இன்னொரு கருத்து இடைவெளி. நாவல் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டு, வாசகரே தம் ஊகத்தால் நிரப்பும்படி வைத்திருக்கும் இடத்தை இப்பெயரால் குறிக்கிறேன். எழுத்தாளர் மறந்துபோய் விட்ட குறையும் இடைவெளியும் வேறுவேறு. நூலின் மற்றப் பகுதிகள் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தால் அது இடைவெளி. விதவிதமான ஆட்கள் அதை விதவிதமாக நிரப்புவார்கள் என்பதால்தான் இத்தகைய நாவல்கள் கூடி வாசிப்பதற்கு உகந்தவையாக அமைகின்றன.

ஒரு நாவலை அருகில் வைத்துப் பார்த்தல்

2021ஆம் ஆண்டின் குறும்பட்டியலில், கொழும்பில் வளர்ந்த தமிழரான அனுக் அருட்பிரகாசம் ஆங்கிலத்தில் எழுதிய ‘எ பாசேஜ் நார்த்’ இடம்பெற்றது. (அந்த ஆண்டின் பரிசு தென்னாப்பிரிக்காவின் டேமன் கால்கட்டுக்குச் சென்றது.) கொழும்பில் வசிக்கும் கிருஷான் என்ற இளைஞனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. அவனுடைய அப்பம்மாவைப் பராமரித்து வந்த ராணி, தன் ஊருக்குப் போயிருந்த இடத்தில் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டாள். அவளுடைய இறுதிச் சடங்குக்காக அவன் வடக்கே இரயில் ஏறுகிறான். வெளிப்படையான நிகழ்ச்சிகள் என்று பார்த்தால் ஏறக்குறைய இவ்வளவுதான். வாக்கியங்கள் மிக நீளமானவை. பாத்திரங்களின் உரையாடல் மேற்கோள் குறிகளுக்குள் தனியாக வருவதே இல்லை, எல்லாப் பேச்சும் கிருஷானின் நினைவில் கரைந்துதான் நம்மிடம் வந்து சேருகிறது.

இந்த நாவலை எடுத்துக்கொள்ளும் குழுவில் ஒருவராவது ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று சொல்வார். அதை எதிர்த்து வாதிடுவதில் பயனில்லை. நீளமான ஒரு வாக்கியத்தை எடுத்து, அதே நபரை நிதானமாக வாய்விட்டு வாசிக்கச் சொல்வதே நல்ல வழி. கண்ணால் ஓட்டிப் படிக்கும்போது சுமையாகத் தோன்றிய வாக்கியம், குரலில் வரும்போது ஒரு நினைவு மற்றொன்றைத் தொட்டு இழுத்துச் செல்லும் பாதையாகத் தெரியத் தொடங்கும். போர் நடந்த இடத்தில் தான் இல்லை என்ற உறுத்தலைச் சுமக்கும் ஒருவனின் மனம், ஓரிடத்தில் நிற்க முடியாமல் அலைவதைத்தான் அந்த வாக்கிய நீளம் செய்து காட்டுகிறது.

அடுத்து வரும் கேள்வி இன்னும் பெரியது: ராணியின் மரணம் விபத்தா, அவளே தேடிக்கொண்டதா? போரில் அவள் தன் இரு மகன்களையும் இழந்தவள். அந்த இழப்பின் பின் மனநோய்க்கு ஆளாகி, மின்னதிர்ச்சிச் சிகிச்சைவரை பெற்றவள். கிருஷானே இந்தக் கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்கிறான், நாவல் அவனுக்கு உறுதியான விடை தருவதில்லை. குழுவில் ஒருவர், தாயின் துயரத்தை அறிந்தவராக, அது தற்கொலைதான் என்று உறுதியாகச் சொல்லலாம். மற்றொருவர், கிராமத்துக் கிணற்றடியில் இருட்டில் தவறி விழுவது வெகு இயல்பு என்று மறுக்கலாம். மூன்றாமவர், ராணியின் முடிவைத் தற்கொலை என்று எண்ணிக்கொள்ளும் தேவை கிருஷானுக்கு ஏன் ஏற்பட்டது என்று கேட்கலாம். இந்த மூன்றாவது கேள்வி எழுந்தால் கூட்டம் பலித்துவிட்டது என்பேன். ராணியைப் பற்றிய பேச்சு, ராணியைப் பார்ப்பவனைப் பற்றிய பேச்சாக மாறுகிறது. தூரத்தில் இருந்து போரைப் பற்றி வாசிக்கும் நம்மைப் பற்றிய பேச்சாகவும் அது சற்று நேரத்தில் மாறும்.

எவரும் சரியான விடையைக் கண்டுபிடித்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பக்கங்களைப் புரட்டி, எந்த விவரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எடைபோட்டதே இலக்கியப் புனைவைக் கூடி வாசிப்பதன் உண்மையான வேலை. நடுவர்கள் தங்கள் அறையில் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

குழு எப்படி இயங்க வேண்டும்

ஒருவர் மேடையில் நூலை அறிமுகம் செய்து பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கடைசியில் ஓரிரு கேள்விகள் எழுப்பும் கூட்டமுறை நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கு உரிய மதிப்பு அதற்கு உண்டு. வாசிப்புக் குழு அதனின்று வேறுபட்டது. இங்கே எல்லோரும் நூலைப் படித்தவர்கள், எல்லோரும் பேசுபவர்கள். ஆறு முதல் பத்துப் பேர் இருந்தால் அனைவருக்கும் முறை கிடைக்கும், அதற்கு மேல் போனால் கூச்சமுள்ளவர்கள் பின்தங்கிவிடுவார்கள்.

‘பிடித்ததா?’ என்ற கேள்வியோடு தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் இரண்டு கட்சிகள் உருவாகி, அவரவர் கட்சியைக் காப்பதிலேயே மாலை கழிந்துவிடும். அதற்குப் பதிலாக, எந்தப் பக்கத்தில் உங்கள் வேகம் குறைந்தது, எந்த இடத்தில் கதைசொல்லியை நம்ப மறுத்தீர்கள் என்று கேட்கலாம். இத்தகைய கேள்விகளுக்கு நூலைத் திறக்காமல் பதில் சொல்ல முடியாது. எந்தக் கருத்தைச் சொன்னாலும் பக்க எண்ணோடு சொல்ல வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை மட்டும் பின்பற்றும் குழு, மற்ற விதிகள் ஏதும் இல்லாமலேயே நன்றாக நடக்கும்.

ஒருங்கிணைப்பாளர் தம் கருத்தைக் கடைசியில் சொல்வது நல்லது. ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு, வரலாற்றுப் பின்னணி, விமர்சகர்கள் எழுதியவை ஆகியவற்றைக் கூட்டத்தின் பிற்பாதிக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றைத் தொடக்கத்திலேயே ஒருவர் விரித்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் வாசிப்பை அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறார்கள், அவர்களுடைய முதல் அனுபவம் வெளிவராமலேயே போய்விடுகிறது. நூலை முடிக்காதவர்களும் வரலாம், முடிவைப் பற்றிய பேச்சைத் தவிர்க்குமாறு அவர்கள் கேட்க மட்டும் கூடாது.

மொழிபெயர்ப்பு நாவல்கள்

சர்வதேச புக்கர் பரிசு என்பது தனியான வேறொரு பரிசு. 2016 முதல் அது, பிறமொழியிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியான ஒரு தனி நூலுக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வருகிறது. 50,000 பவுண்டுப் பரிசுத்தொகையை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பெறுகிறார்கள். புக்கர் பரிசு நாவலுக்கு மட்டுமே உரியது, சர்வதேசப் பரிசோ சிறுகதைத் தொகுப்பையும் ஏற்கும். 2025இல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் கதைகளும் தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பும் அப்படித்தான் பரிசு பெற்றன.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ தமிழில் 2013இல் வெளிவந்தது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு பிரிட்டனில் வெளியான பின்னர், 2023ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் அது இடம்பெற்றது. பரிசு கணக்கில் கொள்வது பிரிட்டன் பதிப்பின் காலத்தையே என்பதால்தான் இந்தப் பத்தாண்டு இடைவெளி. ஒரு நூல் பட்டியலுக்கு வருவதற்கு அதை எழுதியவர் மட்டுமின்றி, மொழிபெயர்த்தவரும் அங்கே பதிப்பித்தவரும் தேவைப்படுகிறார்கள்.

தமிழ் வாசிப்புக் குழுவுக்கு இதில் பிறருக்குக் கிடைக்காத வசதி ஒன்று உண்டு. உறுப்பினர்களில் பாதிப்பேர் தமிழ் மூலத்தையும் மீதிப்பேர் ஆங்கில மொழிபெயர்ப்பையும் படித்து வரலாம். சாதி மறுத்து மணம் செய்துகொண்ட குமரேசனும் சரோஜாவும் ஊருக்குள் நுழையும் தொடக்கப் பகுதியை இரு மொழிகளிலும் அடுத்தடுத்து வாசித்தால், ஊரார் கேட்கும் கேள்விகளிலுள்ள மிரட்டல் கொங்குப் பேச்சின் தொனியில் எவ்வளவு தங்கியிருக்கிறது, அந்தத் தொனி கிடைக்காத வாசகருக்கு மொழிபெயர்ப்பாளர் வேறு எந்த வழியில் அச்சத்தைக் கொண்டுசேர்க்கிறார் என்பதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் முதலில் பேசட்டும். மூலத்தை அறிந்தவர்கள் முந்திக்கொண்டால் உரையாடல், மொழிபெயர்ப்பில் தவறு கண்டுபிடிக்கும் முயற்சியாகக் குறுகிவிடும்.

எந்த நூலில் தொடங்கலாம்

புதிய குழு, அந்த ஆண்டின் பட்டியலை விட்டுவிட்டு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல் ஒன்றை எடுப்பது நல்லது. அந்த நூல்கள் மலிவான பதிப்பில் கிடைக்கும், ஆரவாரமும் அடங்கியிருக்கும். நீண்ட நூல்களுக்குப் பழகாதவர்கள் 2024இல் பரிசு பெற்ற சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’ நாவலில் தொடங்கலாம். 136 பக்கங்களே உள்ள அந்நூல், விண்வெளி நிலையத்திலிருந்து பூமியைச் சுற்றிவரும் ஆறு பேரின் ஒரே நாளைச் சொல்கிறது. அனுக் அருட்பிரகாசத்தின் நாவல் மூன்று பகுதிகளாக அமைந்திருப்பதால் அதை மூன்று கூட்டங்களுக்குப் பிரித்துக்கொள்வது எளிது.

குறும்பட்டியலின் ஆறு நூல்களையும் எல்லோரும் படித்தே ஆக வேண்டும் என்ற திட்டத்தை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். செப்டம்பர் வாக்கில் குறும்பட்டியல் அறிவிக்கப்படுவதற்கும் பரிசு அறிவிக்கப்படுவதற்கும் இடையே சில வாரங்களே இருக்கின்றன. அதற்குள் ஆறையும் முடிக்க ஓடினால் நூல்களைக் கண்ணால் மேய்வதாகவே முடியும். இரண்டு நூல்களைத் தேர்ந்தெடுத்து, நடுவர் குழு போலவே உட்கார்ந்து, எது பரிசுக்குரியது என்று வாதிட்டுப் பாருங்கள். பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு முறையும் பேசி முடித்த பின் ஒரு முறையும் வாக்கெடுத்து, இரண்டையும் ஒரே தாளில் குறித்து வையுங்கள். யாருடைய வாக்கு, எந்தப் பக்கத்தைத் திரும்ப வாசித்த பிறகு மாறியது என்பதிலிருந்து அடுத்த கூட்டத்தின் பேச்சைத் தொடங்கலாம்.